சேர்ந்துச்சா?

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்குக் கோபமில்லை. ஆனால் என்னைப் பார்த்தால் கதை கட்டுகிற ஆள் மாதிரியா இருக்கிறது? ரத்த வங்கியில் டெக்னீஷியன் நான். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் என் பிழைப்பு.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். வேலைக்கு வந்து இரண்டாவது வாரம். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஜன்னலில்லாத அறை, நான் மட்டும். புது ஊர், கூப்பிட்டுப் பேச ஒருவரும் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காலையிலிருந்து ஃப்ரிட்ஜோடு பேசிக்கொண்டிருந்தேன்.

மணி 2.10. பிரசவ வார்டு நர்ஸ் ரத்த சாம்பிளோடு ஓடி வந்தார். மூன்றாவது பிரசவமாம், ரத்தப்போக்கு நிற்கவில்லையாம்.

"பி பாசிட்டிவ்க்கா. பையை இப்பவே குடுங்க, மாட்டி வைக்கிறேன். போன்ல உங்களைக் கேட்டுட்டுத் திறக்கிறேன்."

விதிப்படி தப்பு. சோதனைக்குப் பையின் குழாய்த் துண்டை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு, அவசரத்தில் கொடுத்துவிட்டேன்.

பையும் பி பாசிட்டிவ்தான். வகை ஒன்றானால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முந்தைய பிரசவங்களில் குழந்தையின் ரத்தம் கலந்து, தாயின் ரத்தத்தில் எதிர்ப்பு உண்டாகியிருக்கலாம். அதனால் தாயின் ரத்தத்தையும் பையின் ரத்தத்தையும் சின்னக் குழாயில் கலந்து, உடல் சூட்டில் வைத்துப் பார்ப்போம். கட்டியாகத் திரண்டால் அந்தப் பை ஆகாது. ஏற்றினால் உயிரே போகலாம். அப்படித் திரள்வதை எங்கள் பேச்சில் 'சேர்ந்துடுச்சு' என்போம்.

2.21. போன் அடித்தது. எடுத்தேன். பேச்சில்லை... சொட்டு விழும் சத்தம் மட்டும். டொக்... டொக்...

2.33. மறுபடி அதே சொட்டு, இன்னும் வேகமாக. ரிசீவர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது போல் சில்லிட்டிருந்தது.

2.46. குழாயை எடுத்து மெல்லத் தட்டினேன். கட்டி கட்டியாக...

போன்.

"சேர்ந்துச்சா?"

பெண்குரல்.

"சேர்ந்துடுச்சு."

சொட்டு நின்றது.

"அன்னைக்கும் இதையேதான் சொன்னாங்க..."

லைன் போய்விட்டது.

அப்போதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. வார்டில் இருப்பவர்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தமே வேறு. ரத்தம் ஒத்துப்போய்விட்டது, ஏற்றலாம்!

வார்டு நம்பரை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது... யாரும் எடுக்கவில்லை.

ஓடினேன். மூன்று மாடி.

"திறக்காதீங்க! ஒத்துக்கல!"

நர்ஸ் திரும்பிப் பார்த்தார். பை குறையாமல் அப்படியே தொங்கியது.

"திறக்கலையே. உங்களைக் கேக்காம எப்படித் திறப்பேன்?"

"இப்பதானே போன்ல கேட்டீங்க..."

"நானா? இவங்க பக்கத்தை விட்டு நகரவே இல்லக்கா."

நான்காவது பை ஒத்துப்போனது. தாய் பிழைத்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். என்ன ஆச்சு என்று கேட்கவும் ஆளில்லை.

மறுநாள் எங்கள் சீஃப் டெக்னீஷியனிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்திருந்த பெயர் சிடுமூஞ்சி. கிழி கிழியென்று கிழிப்பார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒன்பது வருஷம் முன்னாடி நானும் போன்ல அப்படித்தான் சொன்னேன். நர்ஸ் ஏத்திட்டாங்க. அந்தப் பொண்ணு செத்துப்போச்சு. பழி முழுக்க நர்ஸ் தலையில. நான் வாயே திறக்கல. அந்த மாசமே அவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க."



"உங்களுக்கும் போன் வருமா சார்?"

"தனியா இருக்கறப்பல்லாம் வரும்."

"என்ன சொல்வீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இத்தனை வருஷத்துல ஒருதடவைகூட எடுத்ததில்லம்மா."