மாதாவுக்குக் கீழ ஒரு பற்றரி

போன மாசம் ஒருநாள், விடிய ஆறு மணிக்குக் கடலால வரவேண்டிய என்ர மனிசன் பத்தரைக்குத்தான் கரைக்கு வந்தார். போட்டில இருந்த பற்றரி இறங்கிப்போய், வெளிச்சமும் இல்லை, வழி காட்டுற ஜிபிஎஸ்ஸும் இல்லை. முல்லைத்தீவுக் கரையில நான் நிண்ட நிலையை மாதா மட்டும்தான் கண்டா. இவர் இறங்கி வந்து, "என்னப்பா, முகம் இப்பிடிக் கிடக்கு?" எண்டு கேட்கிறார். வந்த கோபத்துக்கு அடிச்சிருப்பன். "நல்ல சார்ஜர் ஒண்டு வாங்காமல் இனிக் கடல் இல்லை" எண்டு சொல்லிப்போட்டன். அதுவரைக்கும் கடையில குடுத்துத்தான் சார்ஜ் ஏத்தினனாங்கள். அவங்கள் அரைகுறையாத்தான் ஏத்தித் தருவாங்கள்.

எனக்கு ஒண்டை நினைச்சால் இருப்புக் கொள்ளாது. அடுத்த நாளே கிளிநொச்சிக்கு பஸ் ஏறினன். கடைக்காரர் கேட்டார், "தண்ணி விடுற பற்றரியோ, மூடினதோ?" எண்டு. ஆர் கண்டது! மனிசனுக்கு ஃபோன் எடுத்தன். "கறுப்புப் பற்றரி" எண்டார். எந்தப் பற்றரி பச்சையா இருக்கு? பிறகு ஒருமாதிரி, மேல தண்ணி விட ஆறு மூடி இருக்கு, எழுபது அம்பியர் எண்டு அவரிட்ட இருந்து பிடுங்கி எடுத்தன்.

கெதியா ஏறுமெண்டு பெரிய சார்ஜரிலதான் என்ர கண் நிண்டது. "அது ட்ராக்டர் கராஜுக்கு, அக்கா. உங்கட பற்றரி கொதிச்சுப் போகும். ஏழு அம்பியர் காணும். நிரம்பினால் தானா நிக்கிற இதைக் கொண்டு போங்கோ," எண்டார். "ஆறுதலா ஏறட்டும். ஏறேக்க வாயு வரும். காத்துப் படுற இடத்தில வையுங்கோ. நெருப்புக்குக் கிட்ட மட்டும் வைச்சிடாதேங்கோ, வெடிக்கும்."

"எனக்கென்ன விசரோ, குசினியில அடுப்புக்குக் கிட்ட வைக்க?" எண்டு சொல்லிப்போட்டு வந்தன்.

எங்கட முன்னறையில ஒரே ஒரு பிளக். மாதா படத்துக்கு மின்னுற பல்ப் கொழுவ எண்டு அடிச்சது. ரெண்டு நாள் கழிச்சு மத்தியானம், பல்பைக் கழட்டிப்போட்டு, பற்றரியை மாதாவுக்குக் கீழ வைச்சன். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு எண்டு பாத்துக் கிளிப்பைக் கொழுவி, கடைசியாத்தான் சுவிச்சைப் போட்டன். பின்னேரம் அவர் கடலுக்குப் போறபடியால் வழக்கம்போல மாதாவுக்கு மெழுகுதிரியும் கொழுத்தினன். வெயிலெண்டு யன்னலைச் சாத்திப்போட்டு, அவர் அதிலயே பாயைப் போட்டு நித்திரை.

நான் ஒரு இடத்தில இருக்கேல்ல. மீனுக்கு உப்புப் போட்டுட்டு ஓடிவந்து பாப்பன், சிவப்பு லைற் பச்சையாகீட்டுதோ எண்டு. முத்தம் கூட்டேக்க விளக்குமாறைப் பாதியில எறிஞ்சுபோட்டு வந்து பாப்பன். நாலாந்தரம் குனிஞ்சு பாக்கேக்க பற்றரி உஸ்ஸெண்டு இரைஞ்சுகொண்டு இருந்தது. நிமிந்தன். நேர மேல மெழுகுதிரி.

மாதாவின்ர மெழுகுதிரியை நாங்கள் ஒருநாளும் நெருப்பெண்டு சொல்லுறேல்ல, வெளிச்சம் எண்டுதான் சொல்லுறது. கடைக்காரர் நெருப்பெண்ட உடன எனக்கு அடுப்புத்தான் ஞாபகம் வந்தது, இது வரவே இல்லை. ஐயோ மாதாவே!

ஊதி நூத்தன். யன்னலெல்லாத்தையும் தள்ளித் திறந்துபோட்டுச் சுவிச்சை நிப்பாட்டினன்.

சத்தத்துக்கு அவர் எழும்பினார். நூந்த திரியைத்தான் முதல்ல கண்டார். "கடலுக்குப் போற நாளில ஆரடி இதை நூத்தது?" எண்டு கத்தினார்.

"நான்தான். பற்றரியால வாயு வருது. நெருப்புப் பட்டால் வெடிக்குமாம். உள்ள இருக்கிறது அசிட்," எண்டன்.

அவர் பற்றரியைப் பாத்தார். பிறகு தன்ர தலகாணியைப் பாத்தார். இடையில ஒரு முழம்கூட இல்லை.

"முகத்துக்கு நேரயெல்லோ இருந்திருக்கு," எண்டார் மெதுவா.

இத்தினை நாளும் நான் கடலுக்குத்தான் பயந்தனான். என்ர கையாலயே இவரை... அவற்ற தோளில ஓங்கி ஒரு அடி போட்டுட்டு, அந்தப் பாயிலயே விழுந்து குழறி அழுதன்.