நெட்டுக்குப்பத்துக் கரையில் இறக்கிய பாத்திரங்கள்

நான் மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. ஆனால் காக்கிநாடா துறைமுகத்தில் பி.ஏ. பாஸ் செய்த குமாஸ்தாக்களே எழுந்து நின்று என்னை ‘மேஸ்திரியாரே’ என்று கூப்பிட்டார்கள். காசிமேட்டுக் குப்பத்தில் பிறந்த இந்த அப்பாவு யார் தயவிலும் ஆளானவன் அல்ல. இன்று ராயபுரத்தில் சொந்த மாடி வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எப்படி ஆளானேன் என்று எல்லாரும் கேட்கிறார்கள். என்ன விட்டுப் போனது என்று யாரும் கேட்டதில்லை. அதை நானே எழுதிவிடுகிறேன்.

1913இல் எனக்கு வயது இருபத்தாறு. கப்பலில் சரக்கு இறக்கும் கூலியாக இருந்த எனக்குக் காக்கிநாடாவில் மேஸ்திரி வேலை கிடைத்தது. அந்த வயதில் மேஸ்திரி ஆனவன் எங்கள் குப்பத்தில் வேறு ஒருவனும் இல்லை. வீட்டுச் சாமானோடு போகக் கால்வாய்ப் படகுதான் தோது. பக்ருதீன் என்கிற படகுக்காரரிடம் பேசி, அண்டா, குடம், தவலை, அம்மி எல்லாவற்றையும் ஏற்றினேன்.

மனைவி சொக்கம்மாள் மட்டும் கூட இல்லை. பிரசவத்துக்கு நெட்டுக்குப்பத்துத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள் போய்விட்டது. அப்போது எங்கள் ஊர்த் துறைமுகத்தில் தண்டவாளம் ஏற்றிவந்த கப்பல் நின்றிருந்தது, என்னை விட்டால் ஆள் இல்லை. மூன்று நாள் கழித்துத்தான் போனேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டு மாதமாகத் திரும்பி வரவும் இல்லை. படகு நெட்டுக்குப்பத்தை ஒட்டித்தான் போகும். அவளையும் ஏற்றிக்கொண்டு போய்ப் புது ஊரில் புதிதாகத் தொடங்கிவிடலாம் என்று இருந்தேன்.

தாய்வீட்டில் இருக்கிறவளை அழைக்க ஆண்பிள்ளை தனியாகப் போவது எங்களில் வழக்கமில்லை. வீட்டுப் பெண் ஒருத்தி புடவையும் பூவும் எடுத்துக்கொண்டு கூட வர வேண்டும். எனக்குத் தாய் இல்லை. அதனால் திருவொற்றியூரில் படகை நிறுத்தி அக்கா ராஜாத்தி வீட்டுக்குப் போனேன்.

“செவ்வாக்கெழமல பொண்ணு கூப்ட போவாங்களாடா? நாளைக்கு வர்றேன் இரு” என்றாள் அக்கா.

“படகு நிக்காதுக்கா.”

“படகு நிக்காது, கப்பலு நிக்காது. புள்ள செத்தப்பவும் இதத்தானே சொன்ன?”

“மேஸ்திரி வேலக்கா. நம்ம வம்சத்துல எவன் பாத்துகீறான்?”

“அத அவகிட்ட போய் சொல்லு. மேளம் வெச்சி கூட்டினு போவா.”

கோபத்தில் அங்கே ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

எண்ணூர்க் கழிமுகத்தில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. நெட்டுக்குப்பத்துக்கு எதிரில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. “பாரத்த எறக்கினாதான் நவுரும். தண்ணி ஏறினப்புறம் ஏத்திக்கலாம்” என்றார் பக்ருதீன். சரி என்று தலையை ஆட்டினேன். அவரும் ஆட்களும் சாமானைக் கரையில் இறக்கினார்கள். நான் சலவைச் சட்டை போட்டுத் தலை வாரிக்கொண்டு, வாங்கி வைத்திருந்த புடவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அந்தப் பாத்திரமெல்லாம் சொக்கம்மாளுக்கு அவள் அப்பா கொடுத்த சீர். எல்லாவற்றிலும் அவள் பேர் வெட்டியிருக்கும். கட்டினவளை வேண்டாம் என்று தீர்த்துவிடுகிறவன் சீர்ப் பாத்திரத்தைக் கொண்டுவந்து அவள் ஊர்க் கரையில் இறக்கிவிடுவான். அதற்குமேல் வாயால் சொல்ல வேண்டியதில்லை. இது குப்பத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத்தான் அன்றைக்கு மேஸ்திரி நினைப்பில் தோன்றாமல் போயிற்று.

நான் போவதற்குள் சேதி போய்விட்டது. மாமனார் வரதன் வாசலில் நின்றிருந்தார். பக்கத்தில் என் மைத்துனன். சுற்றிலும் ஊர் ஜனம்.

“வா நைனா. அல்லாத்தயும் எறக்கிட்டியா, இன்னும் எதுனா கீதா?” என்றார் மாமனார்.

“இன்னா மாமா சொல்றீங்க?”

“அண்டா, கொடம் அல்லாம் கரையில கீதாமே. ஊரே பாத்துகினு கீது. இனிமே நான் உனுக்கு இன்னாத்துக்கு மாமன்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படகு தரை தட்டிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மைத்துனன் சிரித்தான்.

“மூட்ட தூக்கறவன் சட்டய பாருங்கடா. பொண்டாட்டிய தள்ளிவுட வந்தாலும் சோக்கா வந்துகீறான்.”

“எவன்டா மூட்ட தூக்கறவன்? காக்கிநாடாவுக்கு மேஸ்திரியா போறேன். நூறு பேரு என் கீழ. உங்க ஓட்ட அண்டாவ வெச்சிகினுதான் நான் பொழைக்கணுமா?”

சொக்கம்மாள் வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். எட்டு மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்து அவள் கேட்டது ஒன்றுதான்.

“எறக்க சொன்னது நீயா, படகுகாரா?”

அவள் எனக்கு வழி விட்டுத்தான் கேட்டாள். இப்போது தெரிகிறது. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் என் சாமான்மேல் இன்னொருவன் கை வைத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“நான்தான் சொன்னேன். என்ன கேக்காம எவன் தொடுவான்?”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கரைக்கு நடந்து போய்க் குடத்தை இடுப்பில் எடுத்தாள். அண்டாவை மைத்துனன் தூக்கினான். மூன்று நடையில் பாத்திரமெல்லாம் போய்விட்டது. நான் மிஞ்சிய அம்மியின்மேல் உட்கார்ந்திருந்தேன்.

தண்ணீர் ஏறியது. “அம்மா வர்லியா?” என்றார் பக்ருதீன்.

“பின்னால ரயில்ல வருவா.”

 அவர் கயிற்றைத் தோளில் போட்டுக் கரையோடு படகை இழுத்துக்கொண்டு நடந்தார். தனியாகப் படகில் உட்கார்ந்திருக்க முடியாமல் நானும் இறங்கி இன்னொரு கயிற்றைப் பிடித்தேன்.

காக்கிநாடாவில் அக்கம்பக்கத்தாரிடமும் அதையே சொன்னேன், ரயிலில் வருவாள் என்று. இரண்டு வருஷம் கழித்து அக்கா யாரையோ பிடித்து ஒரு கார்டு எழுதிப் போட்டாள். சொக்கம்மாளைப் பழவேற்காட்டில் கட்டிக்கொடுத்துவிட்டார்களாம்.

என் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள் என்று தெருவில் சொன்னேன். நல்ல ஜனங்கள், வீடு வந்து துக்கம் கேட்டார்கள். அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. இருபது வருஷ வேலையில் நான் போகாமல் நின்றது அந்த ஒரு நாள்தான்.