கரீபியக் கடலுக்கு ருக்மணி மேடம் போகவில்லை

நேற்று விக்ரோலியில் ரயில் ஏறும்போது ருக்மணி மேடத்தின் மகள் போன் செய்தாள். "அங்கிள், அம்மா காலம்பற போயிட்டா." நேரே மாட்டுங்காவில் இறங்கி அவர் வீட்டுக்குப் போனேன்.

ருக்மணி மேடமும் நானும் ஒரே ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு ஆண்டுகள் அடுத்தடுத்த மேஜையில் இருந்தோம். கரீபியக் கரையில் வெட்டியெடுத்த மண்ணை வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று எங்களுக்கு மூட்டைகளாக அனுப்பும். அதில் லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கடல் நத்தைகளின் ஓடுகள் இருக்கும். எந்த நத்தை பாறையில் வாழ்ந்தது, எது கடற்புல்லில் வாழ்ந்தது என்று எழுதித் தர வேண்டியது எங்கள் வேலை. மாட்டுங்கா வீட்டில் முட்டையைக்கூடத் தொடாதவர், ஓட்டைப் பார்த்தே அந்த நத்தை எதைத் தின்றிருக்கும் என்று சொல்லிவிடுவார்.

ஒரு மூட்டையில் கடற்புல் இருந்த அடையாளம் தெரிந்தது. நானும் அதிலிருந்த நத்தைகள் எல்லாமே புல்லில் வாழ்ந்தவை என்று எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து, பாந்த்ரா கடற்கரைப் பாறைகளில் நீர் வற்றும் நேரம் பார்த்துப் போய்விட்டு, மேடம் நனைந்த புடவையோடு வந்தார்.

"மீரான், செத்த நத்தையோட ஓட்டுக்குள்ள நண்டு பூந்துண்டு எங்கியோ இழுத்துண்டு போறது. நம்ம மூட்டையில இருந்ததும் அப்படி வந்த பாறை நத்தைதான். ஓடு கிடைச்ச இடத்தை நாம வீடுன்னு எழுதிட்டோம்."

'நாம' என்றார். எழுதியவன் நான் மட்டும்தான். அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாவதாக இருந்தது. பிழை தன்னுடையது என்று அருங்காட்சியகத்துக்கு அவரே கடிதம் எழுதினார். அதைப் படித்துவிட்டு, நானே மடித்து உறையில் போட்டேன்.

பிறகு அந்தக் கரீபியக் கரையை நேரில் காண ஒருவருக்கு அழைப்பு வந்தது. பிழை செய்தவராகப் பதிவாகியிருந்த அவரை விட்டு என்னை அழைத்தார்கள். நானும் வெட்கமில்லாமல் போனேன்.

திரும்பி வந்த அன்று அவர் கேட்டது ஒன்றுதான். "தண்ணி சூடா இருந்துதா?"

"வெதுவெதுன்னு இருந்துச்சு மேடம்."

கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு தினமும் டீ நேரத்தில், "இன்னிக்கு எந்தப் பக்கம் நடந்தேள்?" என்பார். நான் அங்கே இருந்தது நான்கு நாள். அவருக்காக ஒரு மாதம் நடந்தேன். ஒருநாள், "மேடம், அந்தக் கடிதம்..." என்று ஆரம்பித்தேன். "டீ ஆறிடும் மீரான்," என்றார். அதோடு விட்டுவிட்டேன். அதுவும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

நேற்று அவரைக் கிடத்தியிருந்த கூடத்தில் மகள் சொன்னாள்: "அம்மா அந்தக் கடலைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்வா, அங்கிள். தானே போயிட்டு வந்த மாதிரி. அண்டை அசல்ல பாதிப் பேர் அம்மாதான் போனான்னு நினைச்சிண்டிருக்கா."

அவர்கள் நினைத்ததுதான் நியாயம். போயிருக்க வேண்டியவர் நீங்கள். பிழை என்னுடையது, மேடம். இதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

போய் வாருங்கள்.