ஆறு பத்து பஸ்ஸுக்கு ஒரு மாலை

மும்தாஜின் வாய் எடமலைப்பட்டி புதூர் முழுக்கப் பிரசித்தம். பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியார், "இந்த விடை எப்படி வந்துச்சு?" என்று கேட்டதற்கு, "பஸ்ஸுல வந்துச்சு சார்" என்று சொல்லி வகுப்புக்கு வெளியே போனவள், அப்புறம் உள்ளே போகவே இல்லை. நாற்பத்தொரு வயதாகியும் அந்த வாய்க்கு மட்டும் வயதாகவில்லை. கடைசியில் அந்த வாயே ஒரு பஸ்ஸை முழுசாக விழுங்கப் பார்த்தது.

அவளுக்கு ஸ்ரீரங்கத்தில் வேலை. ரெங்கநாயகி மாமி நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும். இடுப்பில் குழந்தையும் தோளில் பையுமாக அம்மாக்கள் வாசலில் காத்து நிற்பார்கள். அதில் ஒன்றரை வயது கோதை என்று ஒரு வாண்டு, மும்தாஜின் கம்மலைப் பிடித்துக்கொண்டால்தான் அம்மாவை விடும். அந்தக் கம்மல் ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமானால், ஆறு பத்து டவுன் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அடுத்த பஸ் ஏழு ஐந்துக்கு. அதில் போனால் குழந்தைகள் அதற்குள் பெரியவர்களாகிக் கல்யாணம் கட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நெரிசலைக் குறைக்க மேம்பாலம் கட்டுவது பற்றிக் கருத்துக் கேட்கிறோம் என்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். நூற்றிருபது கோடி. சுவர் உயரத்துக்குக் கலர் படம் மாட்டியிருந்தது. அதில் பாலத்தின் மேல் கார் போனது, பைக் போனது, ஒரு நாய்கூட வாலை ஆட்டிக்கொண்டு ஓரமாகப் போனது.

மும்தாஜ் எழுந்தாள். "சார், படத்துல எங்க பஸ்ஸைக் காணோமே? நாய்க்கு இடம் குடுத்திருக்கீங்க."

மண்டபம் சிரித்தது. போக்குவரத்து அதிகாரி சிரிக்காமல் ஒரு தாளைப் புரட்டினார். "எந்த பஸ்ஸும்மா? ஆறு பத்தா? அது இந்த மாசக் கடைசியோட நிக்குது. ஆளே ஏறல. டிக்கெட் மெஷின் கணக்குப்படி ஒரு நடைக்குப் பதினெட்டு பேர்தான்."

"ஆளே ஏறலையா? நேத்து என் செருப்பு மட்டும்தான் சார் உள்ள இருந்துச்சு. நான் வெளிய தொங்கிட்டு வந்தேன்!"

"மெஷின் பொய் சொல்லாதும்மா. ஆள் இல்லாத பஸ்ஸுக்கு எப்படிக் காசு ஒதுக்குறது? பாலம் வந்தா எல்லாருக்கும் நல்லதுதானே? உக்காருங்க."

மும்தாஜ் உட்காரவில்லை. வெளியே நடந்தாள்.

மறுநாள் காலை கண்டக்டர் தைரியராஜை மடக்கினாள். "தம்பி, உன் மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? பதினெட்டு பேராம்ல?"

தைரியராஜ் தலையைச் சொறிந்தான். "பதினெட்டு பேரு காசு குடுத்து வர்ற ஆம்பளைங்கக்கா. லேடீஸுக்கு நான்தான் டிக்கெட்டே கிழிக்கிறதில்லையே."

"ஏன் கிழிக்கல?"

"நீங்கதான் வேணாம்னீங்க."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. மும்தாஜுக்கு நாலு வருஷத்துக்கு முந்தைய ஒரு காலை ஞாபகம் வந்தது. பெண்களுக்கு பஸ் இலவசம் என்று ஆன புதுசு. தைரியராஜ் ஒவ்வொருத்தியிடமும் கட்டணமில்லா டிக்கெட்டை நீட்டிக்கொண்டு வந்தான். "சும்மா போறதுக்கு எதுக்குய்யா சீட்டு? இத வச்சு நான் பஜ்ஜியா போடப் போறேன்?" என்றாள் மும்தாஜ். பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. அன்றிலிருந்து அவன் பெண்கள் பக்கம் மெஷினை நீட்டுவதில்லை. கூட்டத்தில் நசுங்காமல் தப்பித்தோம் என்று அவனுக்கும் நிம்மதி. அது அந்த பஸ்ஸின் பழக்கமாகிவிட்டது. எழுபது பெண்கள் தினமும் ஏறி இறங்கினார்கள்; கணக்கில் ஒருத்திகூட ஏறவில்லை.

"யா அல்லாஹ்," என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடித்த கையாலேயே அவன் மெஷினைத் தட்டினாள். "இன்னிலேருந்து கிழி. எல்லாருக்கும் கிழி."

"எழுபது பேருக்குக் கிழிச்சா பஸ் எப்பக்கா நகரும்?"

"நகரலேன்னா நான் எறங்கித் தள்றேன். கிழி!"

சொன்னபடி பஸ் நகரவில்லை. ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்று, சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறும்போதே ஏழு அடித்தது. மூன்று நாள் தொடர்ந்து மும்தாஜ் லேட். மாமி வாசலிலேயே நின்றாள்.

"நாளைக்கும் இப்படின்னா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்டீம்மா. கொழந்தேள் எல்லாம் அழறதுகள்."

கோதை அழுதழுது மூக்கு ஒழுக நின்றிருந்தாள். ஆனாலும் மும்தாஜின் வாய் அடங்கவில்லை. "பாத்துக்கோங்க மாமி. இந்த பஸ் போயிட்டா நான் தினமும் லேட்டுதான். இப்ப ஒரு பத்து நாள் லேட்டா வர்றேன், இல்லேன்னா ஆயுசுக்கும் லேட்டா வர்றேன். எது வேணும்?"

மறுநாள் ஏழு இருபதுக்கு மும்தாஜ் ஓடி வந்தபோது கதவு திறந்திருந்தது. மாமி இடுப்பில் கோதை. "இவ என் தோட்டைப் பிச்செடுத்துடுவா போலிருக்கு, சீக்கிரம் வாங்கிக்கோ," என்று மட்டும் சொன்னாள்.

டிக்கெட்டை யாரும் எறியக் கூடாது என்று மும்தாஜ் கட்டளை போட்டிருந்தாள். இறங்கும்போது படிக்கட்டில் அவள் நீட்டும் பிரியாணி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். டப்பா நிறைந்ததும் அதை மலர்க்கொடியிடம் கொடுத்தாள். அதே பஸ்ஸில் வந்து ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டுகிறவள் மலர்க்கொடி.

"இதையாக்கா கட்டச் சொல்றீங்க? வாசமே இல்லையே."

"எழுபது பொம்பளைங்க வேர்வை இருக்குடி. இதுக்கு மேல என்ன வாசம்?"

மாசக் கடைசிக்கு முந்தின நாள் மேம்பாலத்துக்கு மண் பரிசோதனை. அதற்கும் பந்தல், அதற்கும் மைக். மாலையோடு வருகிறவர்களை நம் ஊரில் யாரும் தடுப்பதில்லை. வழிவிட்டு, போட்டோவுக்கு நகர்ந்தும் நிற்பார்கள். மும்தாஜும் மலர்க்கொடியும் ஆளுக்கொரு முனையாகத் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார்கள். பின்னால் முப்பது பெண்கள். மேடையில் இருந்த அதே போக்குவரத்து அதிகாரி பழக்கதோஷத்தில் கழுத்தை நீட்டினார். மாலை விழுந்தது. வாழைநாரில் நெருக்கிக் கட்டிய எண்ணூற்றுச் சொச்சம் டிக்கெட், முழங்கால் வரை தொங்கியது.

அவர் கழற்றப் போனார்.

"கழட்டாதீங்க சார்," மும்தாஜ் மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள். "ஆள் இல்லாத பஸ்ஸுல பன்னெண்டு நாளா வந்த ஆளுங்க இது. ஒவ்வொண்ணுலயும் தேதி, நேரம் எல்லாம் இருக்கு. உங்க மெஷின் அடிச்சதுதான். மெஷின் பொய் சொல்லாதுல்ல? நாலு வருஷமா சீட்டு வாங்காதது எங்க தப்பு. அதுக்கு வாயாடினது நான்தான், ஒத்துக்கறேன். ஒருதரம்கூட ஸ்டாப்புல வந்து நின்னு பாக்காதது உங்க தப்பு. நீங்களும் ஒத்துக்கோங்க."

பந்தலில் எங்கிருந்தோ ஒரு விசில். அதிகாரி மாலையைத் தூக்கி ஒரு டிக்கெட்டைப் படித்தார், அடுத்ததையும் படித்தார். "இதை ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறேம்மா," என்றார், குரல் இறங்கி.

பாலத்தை யாரும் நிறுத்தவில்லை. மண் தோண்டினார்கள், தூசி பறந்தது. ஒன்றாம் தேதி காலை ஸ்டாப்பில் பெண்கள் எல்லாரும் திருப்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆறு பதினொன்றுக்கு பஸ் திரும்பியது. தைரியராஜ் படியில் தொங்கிக்கொண்டு கத்தினான்: "நிக்குதுன்னு சொன்னாங்கள்ல அக்கா, நிக்கல!"

மும்தாஜ் ஏறினாள், அதாவது ஒரு கால் ஏறியது. டிக்கெட்டை வாங்கி டப்பாவில் போட்டு, அதை மலர்க்கொடியிடம் நீட்டினாள்.

"இன்னும் எதுக்குக்கா? அதான் பஸ் வந்துடுச்சே."

"ஒண்ணுதானே வந்திருக்கு," என்றாள் மும்தாஜ், வெளியே தொங்கியபடி. "ஆறரைக்கு இன்னொண்ணு வேணும். நாரை நனைச்சு வை."