தூங்கினாயா என்ற கேள்வி

முதல் அறிகுறி சந்தோஷம். காய்ச்சல் என்றோ வலி என்றோ எழுதத்தான் எனக்கும் ஆசை. ஆனால் வந்தது சந்தோஷம்தான்.

மகள் வசந்தி பிறந்து மூன்றாவது மாதம். என் கணவருக்கு மொரப்பூர் ஸ்டேஷனில் கூட்ஸ் குமாஸ்தா வேலை. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். இனித் தூக்கமே தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது. தூங்காமலேயே உடம்பு பஞ்சாக இருந்தது. வீட்டுக்கு நானே வெள்ளையடித்தேன். கல்யாணப் பட்டுப் புடவைகளைக் குழாயடிக்கு வந்த பெண்களுக்குத் தூக்கிக் கொடுத்தேன். வாய் ஓயவில்லை. ரயில்கள் என் குழந்தையின் பெயரைச் சொல்லித்தான் கூவுகின்றன என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. ஒருநாள் அவளைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தில் நடந்தேன். கூப்பிட்டால் போய்க் காட்ட வேண்டாமா? தண்டவாளம் பழுதுபார்க்கும் கேங்மேன் ஒருவர் ஓடிவந்து எங்கள் இருவரையும் இழுத்துப் போட்டார்.

இதை எழுதும்போது பயமாக இருக்கிறது. அன்று எனக்குத் துளியும் பயமில்லாமல் இருந்ததே, அதுதான் இன்றும் என்னை விடாமல் துரத்துகிறது.

சேலத்தில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் வயதானவர், பொறுமையாகத்தான் கேட்டார். “இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி வந்து சரியாகியிருக்கா?”

அறையில் என் கணவர், மாமியார், என் அம்மா மூவரும் இருந்தார்கள். அம்மா சட்டென்று சொன்னாள். “இல்லீங்க சாமி. எம் பொண்ணுக்கு ஒரு தலவலிகூட வந்ததில்லீங்க.”

வந்திருந்தது. கல்யாணத்துக்கு முன், ஆசிரியப் பயிற்சி முடித்த வருஷம், இதே தலைகால் புரியாத சந்தோஷம் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு துக்கம் வந்து மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தேன். அம்மா என்னைத் தீர்த்தமலைக் கோயிலுக்குக் கூட்டிப்போய், அடிவாரத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கவைத்து, தினமும் மலையேற்றித் தீர்த்தத்தில் தலை நனைத்தாள். மழைக்காலம் பிடிப்பதற்குள் முழுசாகத் தேறிவிட்டேன். சாமி சரிசெய்ததை எங்கள் பக்கத்தில் யாரும் நோயில் சேர்ப்பதில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம் அதைச் சொல்வதும் இல்லை. அன்று மறைத்ததை, சம்பந்தியம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மா எப்படி அவிழ்ப்பாள்? நீயாவது சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நான் அப்போது ரயில்களோடு பேசிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் மனச்சிதைவு என்றார் (எண்ணமும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று ஒட்டாமல் சிதறும் நோய், நாள்பட நாள்பட ஆளையே தேய்த்துவிடும் என்று அப்போது சொல்வார்கள்). மின்னதிர்ச்சி கொடுத்தார்கள் (நெற்றிப் பொட்டுகளில் மின்சாரம் செலுத்தி வலிப்பை வரவழைப்பது). மாத்திரையில் நாக்கு தடித்தது. கிளம்பும்போது அவர் என் கணவரிடம் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது.

“இது ஆயுசுக்கும் இருக்கிற வியாதி. கொழந்தைய இவங்ககிட்ட விடாதீங்க.”

மாமியார் வசந்தியை அரூருக்கு எடுத்துப் போனார். அங்கே என் நாத்தனார் வளர்த்தாள். பேச்சு வந்ததும் வசந்தி அவளை அம்மா என்றாள். என்னை ‘மொரப்பூர் அம்மா’ என்றாள். நாத்தனார் நல்லவள்தான். வசந்தியைப் பார்த்துவிட்டுத் திரும்ப அந்த வீட்டு வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எனக்கு அவள்மேல் வெறுப்பு பொங்கும்.

சில மாதங்களில் நான் தெளிந்துவிட்டேன். ஆனால் அந்த வியாதியின் பெயர் எங்கள் வீட்டில் என்னோடு குடியிருந்தது. குழம்பில் உப்பு கூடினால் அது கூட்டியது. நான் கோபப்பட்டால் அது கோபப்பட்டது. நான் சமைத்ததை எல்லாரும் அது சமைத்ததாகவே சாப்பிட்டார்கள். கண்ணாடியில் பொட்டு வைக்கும்போது எனக்கே சந்தேகம் வரும், வைத்துக்கொள்வது யார் என்று.

வசந்திக்கு ஐந்து வயது நடக்கும்போது மறுபடி அந்தச் சந்தோஷம் வந்தது, பின்னாலேயே துக்கமும். இந்த முறை கணவர் பெங்களூருக்குக் கூட்டிப்போனார். அம்மாவும் வந்தாள். அங்கே பார்த்தது இளவயதுப் பெண் டாக்டர், தமிழ் பேசுபவர். கொஞ்ச நேரத்திலேயே கணவரைப் பார்த்து, “சார், நீங்க கீழ போய் ஒரு காபி சாப்ட்டு வாங்க” என்றார். கதவைச் சாத்திவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

“அம்மா, ரத்தத்த சோதிச்சோ எக்ஸ்ரே எடுத்தோ இந்த வியாதிக்குப் பேர் வைக்க முடியாது. கூட இருந்தவங்க சொல்றதுதான் எங்களுக்கு எக்ஸ்ரே. கல்யாணத்துக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க?”

அம்மா சாத்திய கதவையே பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். “தீர்த்தமலையில நல்லாயிருச்சுங்க. சொன்னா வூட்ட வுட்டுத் தொரத்திருவாங்கன்னு வாயத் தொறக்கலீங்க.”

உச்சத்தில் மனச்சிதைவும் இன்னொரு நோயும் ஒன்றுபோலவே தெரியும் என்று டாக்டர் விளக்கினார். வித்தியாசம் பெரும்பாலும் நோய் விட்டிருக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் தெரியுமாம். அதனால் நான் நோயாகக் கிடந்ததைவிட நன்றாக இருந்த நாட்களைத்தான் அதிகம் விசாரித்தார். எனக்கு இருப்பது மனச்சிதைவு இல்லை, பித்தெழுச்சி–மனச்சோர்வு நோய் என்றார் (உற்சாகம் கரைமீறுவதும் பிறகு வற்றுவதும் மாறிமாறி வருவது, நடுவில் ஆள் பழையபடி முழுசாகத் திரும்புவார்). லித்தியம் எழுதித் தந்தார் (ஒருவகை உப்பு, ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்).

“எங் கொழந்த, டாக்டர்?” என்றேன்.

“மாத்திரைய விடாம சாப்பிடுங்க. தூக்கம் கெடாம ஒரு வருஷம் போகட்டும், கொழந்தைய வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. தூக்கம் கொறஞ்சா அதுதான் மொத எச்சரிக்கை. அன்னிக்கே கிளம்பி வந்துரணும்.”

திரும்பும்போது ஜோலார்பேட்டையில் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தோம். அம்மா தானாகவே என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் காலடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா கொழந்த நம்ம வூட்லயே வளந்திருக்குமே அத்தை” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அவர் கத்தித் தீர்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு வருஷம் கழித்து வசந்தி வந்துவிட்டாள். ‘மொரப்பூர் அம்மா’ தேய்ந்து வெறும் ‘அம்மா’ ஆக இன்னும் ஒரு வருஷம் பிடித்தது.

என்னைப் போன்றவர்களுக்கும் அவர்களோடு இருப்பவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். டாக்டரிடம் கோயிலையும் சொல்லுங்கள். தேறிய கதையையும் சொல்லுங்கள். சரியான பெயர் கிடைத்தால் பிழைத்துக்கொள்ளலாம், நான் பிழைத்தேன். ஆனால் சந்தோஷம் மட்டும் எனக்குப் பழையபடி திரும்பவில்லை. அது வந்தால் நாடி பிடித்துப் பார்க்கிறேன். என் காலம் தூங்கிய இரவு, தூங்காத இரவு என்றுதான் நகர்கிறது. “தூங்குனியா?” என்று கணவர் தினமும் காலையில் கேட்பார். நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்துவிட்டால் மத்தியானமும் கேட்பார். அன்பால்தான் கேட்கிறார்.

போன மாதம் வசந்தி பள்ளிக்கூடத்தில் கோ-கோ ஆட்டத்தில் ஜெயித்துவிட்டு ஓடிவந்தாள். இப்போது அவளுக்குத் தாவணி வயது. மூச்சு விடாமல் பேசினாள், சிரித்தாள், அடுப்படியில் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அந்த நேரம் பார்த்து ரயில் கூவியது.

“பாரும்மா, ரயில்கூட எனக்குத்தான் விசிலடிக்குது!”

என் கையில் கரண்டி நின்றுவிட்டது. நினைப்பதற்குள் வாய் கேட்டுவிட்டது. “ராத்திரி தூங்குனியா கண்ணு?”

அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். சிரிப்பு நின்றது. தாவணியைச் சரிசெய்துகொண்டு, “தூங்குனேம்மா” என்றாள், மெதுவாக.

ரயில் முழுசாகக் கடந்து போகும்வரை இருவரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.