நகரி ஜாஸும் நான் நிரப்பிய படிவமும்

பழைய கேசட்டுகளைக் கேட்டுப் படிவம் நிரப்புவது என்பது காதுக்கு வேலை கொடுத்து வாயை மூடிக்கொள்ளச் சொல்கிற தொழில். அதில் முதல் பாதியை மட்டும் நான் ஒழுங்காகச் செய்தேன்.

உங்களுக்கு உயிரான ஒரு இசையை இன்னொருவர் காதில் மாட்டிவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? அரை நிமிஷத்தில் அவர் "நல்லாருக்கு" என்று கழற்றிக் கொடுத்திருக்கிறாரா? அப்படியென்றால் நீங்கள் என் கட்சி. மேலே படியுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் சித்தூர். திருப்பதியில் எம்.ஏ. பொருளாதாரம் படித்துக்கொண்டே, மூன்று அறை உள்ள ஒரு ஒலிக் காப்பகத்தில் பகுதி நேர வேலை பார்த்தேன். அங்கே என் தலையில் கட்டப்பட்டது ஒரு பிளாஸ்டிக் கூடை. உள்ளே, நகரி என்கிற நெசவு ஊரைச் சேர்ந்த தணிகாசலத்தின் கேசட்டுகள். தணிகாசலத்துக்கு நான்கு விசைத்தறிகள் சொந்தம். கிளாரினெட், சாக்ஸபோன், இன்னும் தானே செய்த என்னென்னவோ வாத்தியங்களில் ஜாஸ் வாசிப்பவர். எல்லாம் தறிக் கொட்டகையிலேயே அவரே பதிவு செய்தவை. எல்லாவற்றிலும் வெள்ளைப் பூஞ்சை. ஒரு தடவை ஓட்டலாம். இரண்டாவது தடவை அதிர்ஷ்டம். அந்த மாசக் கடைசியில் நடக்கவிருந்த கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தால் காப்பகத்தில் நிரந்தர இடம். கிடைக்காவிட்டால் கூடை திரும்ப அதே ஈரக் கொட்டகைக்கு. அதற்கப்புறம் அந்த மனிதர் வாசித்தார் என்பதற்கு நகரியில் உள்ள காதுகளைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

ஆறு வகை, அதற்குள் அடங்கு

படிவத்தில் எட்டாவது கட்டம் 'இசை வகை'. கர்நாடகம், இந்துஸ்தானி, பக்தி, நாட்டுப்புறம், சினிமா, மற்றவை என்று கம்ப்யூட்டர் ஆறு வகை காட்டும். ஏழாவதாக ஜாஸ் சேர்க்க வேண்டும் என்று பொறுப்பாளர் உமா மேடத்திடம் போனேன். மேடம் தெலுங்குக்காரர், என் மேல் கோபம் வந்தால் மட்டும் நல்ல தமிழ் பேசுவார். "ஜாஸ் அமெரிக்காவுது. நகரியில எப்படி வரும்?" என்றார்.

கிளாரினெட் எங்கிருந்து வந்தது, அதை நம் கல்யாண பேண்டு மேளத்தில் சேர்த்தபோது யாராவது பாஸ்போர்ட் கேட்டார்களா என்று ஆரம்பித்தேன். அரக்கோணம் ரயில்வே காலனியில் ஒரு பேண்டு மாஸ்டரிடம் தணிகாசலம் கற்றது, வானொலியில் சிற்றலையைத் திருகித் திருகிக் கேட்டது எல்லாவற்றையும் அடுக்கினேன். நாற்பது நிமிஷம். மேடம் ஒரு டீ குடித்தார், இரண்டு கோப்பு பார்த்தார், ஒரு போன் பேசினார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னார்:

"சரே, 'மற்றவை'ன்னு போடு. பக்கத்துல 'ஜாஸ்'னு எழுதிக்கோ. சின்னதா எழுது. ரொம்பச் சின்னதா."

மொத்தம் எத்தனை பேர்?

அடுத்த தகராறு 'கலைஞர்கள் எண்ணிக்கை'. முதல் கேசட்டில் ஐந்து வாத்தியம் கேட்கிறது. என்னை 'லாயரம்மா' என்றே கூப்பிடுகிற எங்கள் ஒலிப்பொறியாளர் பாலாஜி "மீதி நாலு பேர் பேரைக் கேளு" என்றார். தணிகாசலத்துக்குப் போன் போட்டேன்.

"மீதி யாரும் இல்ல பாப்பா. ரெண்டு டேப் ரிக்கார்டர் வெச்சிருந்தேன். மொதல்ல கிளாரினெட்டு ஊதிப் புடிப்பேன். அத்த ஸ்பீக்கர்ல ஓடவுட்டு, கூடவே சாக்ஸ் ஊதிக்கினு ரெண்டாவது டேப்புல புடிப்பேன். அப்பால அத்த ஓடவுட்டு, அது மேல இன்னொண்ணு."

"எருமை கனைக்கிற மாதிரி அடியில ஒண்ணு வருதே சார்?"

"பி.வி.சி. பைப்பு. மூணடி. தலையில நாயனத்துச் சீவாளி."

"ஒரே நேரத்துல ரெண்டு கிளாரினெட் கேக்குதே, அதுவும் டேப் மேல டேப்பா?"

"இல்லல்ல. அது ரெண்டையும் ஒண்ணா வாயில வெச்சி ஊதனது. இரு, ஊதிக் காட்றேன்."

போனிலேயே காட்டினார். ஸ்பீக்கரில் போட்டேன். பக்கத்து அறையில் பக்திக் கச்சேரி ஒன்றைப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வெற்றியோடு பாலாஜியைப் பார்த்தேன். அவர் ரொம்ப யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அதெல்லாம் சரி லாயரம்மா, உன் ஆளு மூச்ச எதுல வுடறாரு?"

சுத்தம் செய்த திங்கட்கிழமை

திங்கட்கிழமை பாலாஜி சிரித்த முகத்தோடு இருந்தார். அதுவே எனக்கு உறுத்தியது. "நாலாம் நம்பர் கேசட்ட முடிச்சிட்டேன். பின்னாடி ஒரே கடகடன்னு சத்தம். கம்ப்யூட்டர்ல ஏத்தும்போதே ஃபில்டர் போட்டு மொத்தமா எடுத்துட்டேன், கேளு."

கேட்டேன். கிளாரினெட் மட்டும் அந்தரத்தில் நின்றது. திடீரென்று பதறியது, காரணமில்லாமல் அடங்கியது, யாரோ குறுக்கே பேசினது போல ஓரிடத்தில் திரும்பிக்கொண்டது. பக்கத்து வீட்டுச் சண்டையில் ஒருத்தர் குரல் மட்டும் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. பாலாஜி எடுத்தெறிந்தது விசைத்தறிச் சத்தத்தை. அதன் மேல்தான் மனிதர் வாசித்திருக்கிறார். திரும்ப ஓட்டுங்கள் என்று கத்தினேன். ஓட்டினார். பூஞ்சை ஒட்டின நாடா நடுவில் அறுந்து, மெஷினுக்குள் சுருண்டுகொண்டது.

மீதிக் கேசட்டுகளில் ஃபில்டர் தொடக் கூடாது என்று பாலாஜியின் மேஜையில் எழுதி ஒட்டினேன். பிறகு தணிகாசலத்துக்குப் போன் செய்து மிச்சமிருந்ததைப் போட்டுக் காட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். "இது யாரு வாசிச்சது?" என்றார் முதலில். சொன்னேன். மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். அப்புறம் சொன்னார்:

"நாலு தறி ஓடற சத்தத்துல ஊதணும்னுதான் பாப்பா நான் இந்த வாசிப்பையே கத்துக்கினேன்."

சந்திரகிரி வரைக்கும் ஒரு ரசிகை

சித்தூரிலிருந்து திருப்பதி போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு டீச்சர் அம்மா உட்கார்ந்தார். "இன்னாம்மா, தலைய ஆட்டிக்கினே வர்ற?" என்றார். வலிய வந்த காதை விடுவேனா? ஒரு இயர்போனை அவருக்குக் கொடுத்தேன். இரண்டாம் நம்பர் கேசட், சாக்ஸும் தறியும் போட்டி போடுகிற இடம்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம் ஆயிற்று, ஐந்து நிமிஷம் ஆயிற்று, கழற்றவே இல்லை. நகரி ஜாஸுக்கு முதல் ரசிகை கிடைத்துவிட்டார் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். சந்திரகிரிக் கோட்டை தெரிந்ததும் இயர்போனைத் துடைத்து, அன்பாக என் கையில் வைத்தார்:

"நல்லா இருக்குதும்மா. பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?"

நூல் அறுந்த இடங்கள்

கேட்கக் கேட்க எனக்கு ஒன்று பிடிபட்டது. நான்கு தறியும் முழங்கிக்கொண்டிருக்கும், திடீரென்று ஒன்று நிற்கும், பிறகு இன்னொன்று, கடைசியில் தணிகாசலம் தனியாக நிற்பார். அந்த இடத்தில்தான் உச்சமான வாசிப்பு வரும். ஏன் நிற்கிறது என்று அவரையே கேட்டேன். "நூலு அறுந்தா தறி நின்னுடும் பாப்பா. நாம இன்னா செய்யறது, ஊத வேண்டியதுதான்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. தற்செயலாய் அறுகிற நூல், அந்த நொடியிலேயே அதற்குப் பதில் சொல்கிற கலைஞன்! 'ஒற்றை மனிதர், முழு இசைக்குழு' என்று நாலு பக்கக் குறிப்பு எழுதினேன். உமா மேடமே படித்துவிட்டு "பாகுந்தி" என்றார். நன்றாக இருக்கிறது என்று அவர் வாயிலிருந்து வந்ததை அந்த அலுவலகத்தில் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. 'தனிக் கலைஞர்' என்ற தலைப்பில் கூட்டத்துக்கு வைக்கச் சொன்னார். பாக்கி தணிகாசலத்தின் கையெழுத்து ஒன்றுதான்.

அதை வாங்க புத்தூர் வழியாக நகரிக்குப் பஸ் பிடித்தேன். கொட்டகையில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர் மனைவி கஸ்தூரி. தணிகாசலம் கையெழுத்துப் போடுகிற நேரத்தில், பேச்சுக்குத்தான் கேட்டேன்: "ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா நூல் அறும்?"

"எங்க அறும்? எப்பனா ஒருவாட்டி."

"கேசட்டுல அடிக்கடி அறுதே?"

கஸ்தூரி சிரித்துக்கொண்டே தறியின் கைப்பிடியைத் தட்டினார். தறி நின்றது. மறுபடி இழுத்தார். ஓடியது.

தணிகாசலம் பேனாவோடு நிமிர்ந்தார். "இன்னா கஸ்தூரி, நூலு அறுந்துச்சின்னு சொல்லுவியே?"

"சொல்லுவேன். இல்லன்னா நீ சும்மா உடுவியா? ஏன் நிறுத்தினன்னு சண்டைக்கி வருவ."

எனக்கு விளக்கினார். "நாலு தறியும் ஓடறப்போ இவரு ஒரே எடத்துலயே சுத்திக்கினு இருப்பாரும்மா. சத்தத்துக்குள்ள ஒளிஞ்சிக்குவாரு. ஒண்ணொண்ணா நிறுத்தினா ஒளிய எடம் இருக்காது. அப்பத்தான் நல்லா ஊதுவாரு." மூன்றாவது தறியைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டால் கிளாரினெட் இழைகிறது என்று அதன் புல்லிச் சக்கரத்தை மாற்றி வைத்ததும் அவர்தானாம். தணிகாசலம் கையெழுத்தைப் பாதியில் விட்டுவிட்டு, தறியையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

நெசவில் பெண்களின் கணக்கில் வராத உழைப்பு என்று வகுப்பில் மேஜையைத் தட்டிப் பேசியவள் நான். எத்தனை வாத்தியம் என்று கேட்டேன், எத்தனை வாய் என்று கேட்டேன். தறியை ஓட்டினது யார் என்று மட்டும் கேட்கவில்லை. அந்த வெட்கத்தை எப்படியோ சமாளித்து, "ஏம்மா இத்தனை வருஷம் சொல்லல?" என்று கேட்டேன்.

"யாரும் கேக்கலியே. இப்போ நீ கேட்ட, சொன்னேன். துன்னுட்டுப் போ, சோறு ஆயிடுச்சி."

என்னை எதிர்த்து நான்

படிவம் கையெழுத்தோடு என் பையில் இருந்தது. அப்படியே கொடுத்தால் கேசட்டுகள் பிழைக்கும். திருத்தினால் முதலிலிருந்து விசாரணை. அடுத்த கூட்டம் ஆறு மாதம் கழித்து. பூஞ்சை அதுவரை காத்திருக்காது. பஸ் புத்தூர் தாண்டுவதற்குள் இரண்டு கட்சிக்கும் நானே வாதாடி, இரண்டிலும் தோற்றேன்.

கூட்டத்தில் 'தனிக் கலைஞர்' என்பதை அடித்து 'இருவர்' என்று எழுதினதை மேஜையில் வைத்தேன். இரண்டாவது பெயர் கஸ்தூரி; அவர் வாத்தியம் விசைத்தறி. உமா மேடம் சுத்தத் தமிழுக்கு மாறினார். "நாலு பக்கம் எழுதி ஒரே மனிதர் என்று நிரூபித்தது யார்?"

"நான்தான் மேடம். தப்பு."

"தறி எப்படி வாத்தியமாகும்?"

வாயைத் திறந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு வாதமும் வரவில்லை. மூலையில் நின்றிருந்த பாலாஜிதான் முன்னே வந்தார். "மேடம், நாலாம் நம்பர்ல தறிய நான்தான் எடுத்தேன். மொதல்ல அதக் கேளுங்க." அந்தரத்தில் தொங்கிய கிளாரினெட் ஓடியது. எல்லோர் முகமும் சுருங்கியது. அடுத்து, தொடாமல் விட்ட ஏழாம் நம்பரைப் போட்டார். மேடத்தின் விரல் தானாக மேஜையில் தட்ட ஆரம்பித்தது. ஒரு தறி நின்றது. இரண்டாவது நின்றது. நாலாவதும் நின்றபோது விரலும் நின்றது. தணிகாசலம் தனியாக, ஒளிய இடமில்லாமல், ஏறிக்கொண்டே போனார். முடிந்ததும் மேடம் யாரையும் கேட்காமல், அடித்துத் திருத்தின இடத்துக்குப் பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். நிரந்தர இடம்.

வெளியே ஓடிவந்து கஸ்தூரிக்குப் போன் போட்டேன். இரண்டு பேர் பெயரிலும் சேர்ந்துவிட்டது, ஏழாம் நம்பரைக் கேட்டுத்தான் ஒத்துக்கொண்டார்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். நான் தயாராக இருந்தேன்.

"என் பேரு போட்டாச்சா? அப்ப அந்த ஏழாம் நம்பர எடுத்துரும்மா. அதுல மூணாவது தறிய நான் லேட்டா நிறுத்திட்டேன்."

யாரும் கேட்காத இசைக்காக ஊரெல்லாம் சண்டை போட்டு ஒரு நிரந்தர இடம் வாங்கிக் கொடுத்தவள் நான். அதிலிருந்து ஒரு கேசட்டை வெளியே எடுக்கச் சொல்லி தினமும் காலையில் போன் போட்டு இப்போது என்னோடு சண்டை போடுபவர், அதன் கலைஞர்.