விஜியோட வலது பக்கம்

விஜி போயிட்டா.

காலைல ஆறரைக்கு அவ ஊட்டுக்காரர் ஃபோன் பண்ணுனாரு. நாலு நாளா ஆஸ்பத்திரில இருந்திருக்கா... எனக்குத் தெரியவே தெரியாது.

பதினோரு மணிக்கு எடுக்கறாங்களாம், கேரளா பார்டர்ல கம்பம்மெட்டுல. இங்க கொழிஞ்சாம்பாறைல இருந்து பொள்ளாச்சி, தேனி, கம்பம்னு பஸ் மாறிப் போய்ச் சேரவே சாயங்காலம் ஆயிரும். எப்படிப் பார்த்தாலும் கடைசியா ஒருக்கா அவ மூஞ்சியப் பார்க்க முடியாது. அதைத்தான் தாங்க முடியல.

இதப் படிக்கறவங்கள்ல பாதிப் பேருக்கு அவளத் தெரியாது. நானும் விஜியும் ஒரே வாரத்துல ஸ்டிக்கர், ஃப்ளெக்ஸ் கடைல டிசைனரா சேர்ந்தோம். ஒன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து சீட்டு.

எது வரைஞ்சாலும் பாதிதான் வரைவா. குத்துவிளக்கா, பாதி விளக்கு. கோபுரமா, பாதி கோபுரம். அப்புறம் கண்ட்ரோல் கீயைப் புடிச்சிட்டு அந்தப் பக்கம் ஒரு இழு, ஒரு ரைட் கிளிக்... மீதிப் பாதி கண்ணாடில தெரியறாப்ல திரும்பித் தானா வந்து நிக்கும், அதுக்குப் பேரு மிரர். ரெண்டையும் சேர்த்து வெல்டு பண்ணுனா ஒரே உருவம். முடிஞ்சுது.

நான் அப்படி இல்ல. ரெண்டு பக்கமும் தனித்தனியா வரைவேன். கைல வரைஞ்சாப்ல இருக்கோணும்னு ஒரு வீம்பு. மதியத்துக்குள்ள அவ நாலு வேலைய முடிச்சுப்போட்டு என் ஸ்கிரீன எட்டிப் பார்ப்பா. கடவுளே பாதி வரைஞ்சு மிரர் பண்ணித்தாண்டி நம்மள அனுப்பிருக்காரு, நீ என்ன அவர விடப் பெரிய டிசைனரான்னு கேப்பா. கடுப்பா வரும்.

ஒருக்கா பழனிக்குப் பாதயாத்திரை போறவங்க ரேடியம் ஸ்டிக்கர்ல நாப்பது வேல் கேட்டிருந்தாங்க. இருட்டுல நடக்கறப்ப லாரிக்காரங்களுக்குத் தெரியறதுக்குப் பைல ஒட்டிக்குவாங்க. அன்னைக்குன்னு பார்த்து அவ பேச்சக் கேட்டு நானும் பாதி வேல் வரைஞ்சு மிரர் பண்ணுனேன்... வெல்டு பண்ண மறந்துட்டேன்.

ஸ்கிரீன்ல பார்த்தா முழு வேல்தான். கட்டிங் மெஷினுக்கு அது ரெண்டு துண்டு. நாப்பதும் நட்ட நடுவுல பொளந்து வந்துச்சு. வாசல்ல மாலை போட்டு, பச்சை வேட்டி கட்டிட்டு ஆளுக நிக்கறாங்க. சாமி காரியம் வேற. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

விஜி ஸ்டிக்கரெல்லாம் அள்ளிட்டு வெளிய போனா. நீங்க ஒட்டுனா குமிழி வந்துருமுங்க, நானே ஒட்டித் தர்றேன்னு சொல்லிட்டு, ஒவ்வொரு பையா வாங்கி, ரெண்டு பாதியும் நூலளவு விலகாம, பழைய ஏடிஎம் கார்டால தேச்சுத் தேச்சு ஒட்டுனா. நாப்பது பைக்கும். ஒருத்தருக்கும் தெரியல. கடைன்னா இப்படிக் கவனிக்கோணும்னு குருசாமி பாராட்டிட்டு வேற போனாரு.

உள்ள வந்து என்னை ஒரு பார்வை பார்த்தா பாருங்க... அவ்வளவுதான். அதுக்கப்புறம் அதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நானா இருந்தா வருஷம் பூரா சொல்லிக் காட்டியிருப்பேன்.

கல்யாணமாகி கம்பம்மெட்டு போனா. அங்க ஏலக்காய்க் கடைகளுக்குப் பாக்கெட் டிசைன் பண்ணிட்டிருந்தா. ஃபோன் பண்றப்பெல்லாம் எப்படி இருக்கேன்னு கேட்டதில்ல, எப்ப வரேன்னுதான் கேப்பா. திருவிழா நோம்பியெல்லாம் முடியட்டும், எலக்‌ஷன் வேலை முடியட்டும்னு நானும் சொல்லிச் சொல்லியே ஆறு வருஷத்த ஓட்டிட்டேன். ஃப்ளெக்ஸ் கடைல வேலை எப்பங்க முடியும்? சோம்பேறித்தனம். வேற ஒண்ணும் இல்ல.

இன்னைக்கு அவ ஊட்டுக்காரர் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. அஞ்சலி பேனர நீங்களே செஞ்சு குடுங்க, வேற யார் செஞ்சாலும் அவளுக்குப் புடிக்காதுன்னாரு. போட்டோ அனுப்புனாரு... அவ போன்ல இருந்த செல்ஃபி. ஊர்ல எல்லாரோட போட்டோவையும் அழகு பண்ணுனவ தனியா எடுத்துக்கிட்டது அது ஒண்ணுதானாம்.

ஏழரைக்கே கடையத் தொறந்தேன். பேர மலையாளத்துலயும் தமிழ்லயும் அடிச்சேன். பேக்ரவுண்ட வெட்டி எடுத்துட்டு, மூஞ்சியப் பெருசு பண்ணிப் பார்த்தா... அது விஜி இல்ல.

யாரோ அவ சொந்தக்காரியாட்டம் இருக்குது. நோவுல மாறிட்டாளோ, இல்ல நான்தான் மறந்துட்டனோ. போட்டோலகூட அவ மூஞ்சியப் பார்க்க முடியாதான்னு இருந்துச்சு.

அப்புறந்தான் மூக்குத்தியக் கவனிச்சேன். இடது பக்கம் இருக்குது. விஜி வலது பக்கம் குத்துனவ. ஒன்பது வருஷமும் என் சீட்டு அவளுக்கு வலது பக்கம், அந்த மூக்குத்தியப் பார்த்துட்டேதான் வேலை செஞ்சேன். சில போன்ல செல்ஃபி எடுத்தா கண்ணாடில தெரியறாப்ல திரும்பித்தான பதியும்... அவளே அவளப் பார்த்த மூஞ்சி அது.

மிரர் பட்டன ஒரு தட்டு தட்டுனேன்.

வந்துட்டா. ஒரு புருவத்தத் தூக்கிட்டு, என் ஸ்கிரீன எட்டிப் பார்க்கறப்ப இருக்கற அதே மூஞ்சி. கடைல யாரும் இல்ல. சத்தம் போட்டு அழுதேனுங்க.

கம்பத்துல பிரிண்ட் எடுக்கறதுக்கு அவ ஊட்டுக்காரருக்கு ஃபைல அனுப்பி வெச்சேன். கொஞ்ச நேரத்துல அவரு கூப்புட்டாரு. மெதுவா, "இந்தப் போட்டோ உங்ககிட்ட இருந்துச்சா தங்கச்சி?"ன்னு கேட்டாரு.

"ஆமாங்கண்ணா... எங்கிட்டத்தான் இருந்துச்சு."

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்ட்ல நிக்கறேன். தேனி பஸ் இன்னும் வரல. மணி பதினொண்ணு.

போயிட்டு வாடி விஜி.